வீட்டில் அரிசித் தொழில்: முதலும் கணக்கும்

அறுவடை இயந்திரம் வரம்போரத்திற் கொட்டும் ஈர நெல்லை அவ்விடத்திலேயே வியாபாரியின் லொறியில் ஏற்றிவிட்டு, நான்கு மாதம் கழிந்தபின் கடையில் அரிசி வாங்கி உண்ணும் கமக்காரர் நம் நாட்டில் மிகப் பலர். தாம் விற்ற நெல்லின் விலைக்கும் வாங்கிய அரிசியின் விலைக்கும் இடையேயுள்ள தொகையைக் கண்டு மனம் நொந்து, இதனை நாமே செய்தால் என்ன என்று எண்ணி, நெல் அவித்துக் குற்றி விற்கத் தொடங்குவோரும் ஊர்தோறும் உளர். அவர்களுள் ஒரு சாரார் இரண்டு மூன்று போகங்களில் நிலைபெறுகின்றனர். மற்றையோர் இட்ட முதலை இழந்து, சில வேளைகளில் விதைநெல்லையும் இழந்து, பழையபடி ஈர நெல்லை விற்கச் செல்கின்றனர்.

அரிசி எவ்வூரிலும் விலைபோகும் பண்டமாதலால், வாங்குவாரின்மையால் இத்தொழில் கெடுவது அரிது. கணக்கின்மையாலேயே இது பெரும்பாலும் கெடுகின்றது. ஒரே தொழிலாகத் தோன்றும் இதனுள் மூன்று தொழில்கள் அடங்கியிருக்கின்றன. நெல்லை வாங்கி இருப்பில் வைத்தல் ஒன்று. அதனை அவித்துக் குற்றுதல் இன்னொன்று. அரிசியை விற்றல் மூன்றாவது. ஒன்றில் வரும் நட்டத்தை மற்றொன்றில் வரும் இலாபம் மூடிவிடுவதால், எது உழைக்கின்றது, எது தின்கின்றது என்பது தெரியாமலே பலர் தொழிலைப் பெருக்க முற்படுகின்றனர். நட்டம் தரும் பகுதியைப் பெருக்கினால் நட்டமே பெருகும். ஆதலால் இம்மூன்றையும் வேறுவேறாக எடுத்து நோக்குவோம்.

இங்கே காட்டப்படும் விலைகள் கணக்கு விளங்குதற் பொருட்டுக் கொள்ளப்பட்டவை. வாசிப்போர் தத்தம் ஊரில் அன்றன்று நிலவும் விலைகளை அவ்விடங்களில் இட்டுக் கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

நெல்லை வாங்குதலும் வைத்தலும்

நெல் வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, தாம் வாங்கும் நெல்லில் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்பதே. இருப்பில் வைக்கத்தக்க நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 வீதத்திற்கு மேற்படலாகாது. இயந்திரத்தால் அறுத்த நெல்லில் 18 வீதமும் 20 வீதமும் அதற்கு மேலும் இருத்தல் கூடும். 18 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லை 14 வீதத்திற்குக் காயவிட்டால் ஏறத்தாழ 95 கிலோவே மிஞ்சும். 20 வீதமாயின் 93 கிலோ. 22 வீதமாயின் 91 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கணக்கிடும் வழி எளிது. நூற்றிலிருந்து நெல்லின் ஈர வீதத்தைக் கழித்து, வருவதை 86ஆற் பிரித்து, 100ஆற் பெருக்குக. உலர்ந்த நெல்லின் விலையைக் கொடுத்து 20 வீத ஈரமுள்ள நெல்லை வாங்குபவர், ஒவ்வொரு நூறு கிலோவிலும் 7 கிலோ தண்ணீரை நெல்லின் விலைக்கு வாங்குகின்றார்.

சில இடங்களில் இன்னும் புசற் கணக்கிலே பேசுவர். புசல் என்பது கொள்ளளவை. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ என்று கொள்வது வழக்கமெனினும், ஈரத்தாலும் பதராலும் இந்நிறை மாறுபடும். விலை பேசும்போது புசலிற் பேசினாலும் வாங்கும்போது நிறுத்தே வாங்குதல் வேண்டும்.

ஈரப்பதனை அளக்கும் சிறு கருவிகள் இப்பொழுது விற்பனைக்கு உள்ளன. அது கைக்கு வரும்வரை, பல்லாற் கடித்துப் பார்க்கும் பழைய வழியோடு உப்புச் சோதனையையும் செய்யலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் முக்காற் பங்குக்கு மேற்படாமல் நெல்லை இட்டு, அடுப்பில் வறுத்து ஆறிய உப்பு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து மூடிக் குலுக்குக. பத்து நிமிடத்தின்பின் உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டியிருப்பின் நெல் 15 வீதத்திற்கு மேல் ஈரமுடையது. ஒட்டாதிருப்பின் இருப்பில் வைக்கும் நிலையை அண்மியுள்ளது.

இனி, இருப்பில் வைப்பதால் வரும் இலாபத்தைப் பார்ப்போம். அறுவடைக் காலத்தில் 18 வீத ஈரமுள்ள நெல்லின் விலை கிலோ 100 ரூபா. நான்கு மாதத்தின்பின் உலர்ந்த நெல்லின் விலை 120 ரூபா எனக் கொள்வோம். உலர்ந்த நெல் 500 கிலோ பெறுவதற்கு ஈர நெல் 525 கிலோ வேண்டும்; அதன் விலை 52,500 ரூபா. நான்கு மாதத்தின்பின் 500 கிலோவின் பெறுமதி 60,000 ரூபா. வித்தியாசம் 7,500 ரூபா. இதில் நெல்லைக் காயவிட்ட ஒருவரின் நாட்கூலி 2,000 ரூபா. எலியாலும் பூச்சியாலும் போனது 10 கிலோ எனக் கொண்டால் 1,200 ரூபா. சாக்கு முதலிய செலவு 800 ரூபா. எஞ்சுவது 3,500 ரூபா.

தம் வயலில் விளைந்த நெல்லை வைத்திருப்பவருக்கு இந்த 3,500 ரூபா கையில் நிற்கும். கடன்பட்டு நெல் வாங்கி வைத்தவரின் நிலை வேறு. நூற்றுக்கு மாதம் 2 ரூபா வட்டியாயின், 52,500 ரூபாவுக்கு நான்கு மாத வட்டி 4,200 ரூபா. அவர் காயவிட்டும் காவல் காத்தும் பெற்ற பயன் 700 ரூபா நட்டமே. வட்டிப் பணத்தில் நெல்லைக் குவித்து வைத்தால் விலை ஏறும் என்று நம்பி இறங்குவோர் இவ்வெண்களை ஒருமுறை எழுதிப் பார்க்கக் கடவர். நெல் விலை எதிர்பார்த்தவாறு ஏறாமற் போகும் ஆண்டுகளும் உண்டு. வட்டி எந்த ஆண்டிலும் ஏறாமல் நிற்பதில்லை.

ஆதலால் தொடக்கத்தில் இருப்பில் வைக்க வேண்டியது சொந்த நெல் மட்டுமே. அதனையும் கணக்கில் இலவசமாகச் சேர்த்தல் கூடாது. அறுவடை நாளில் வியாபாரி என்ன விலை கொடுத்திருப்பாரோ அவ்விலைக்கே தொழில் தம்மிடமிருந்து அதனை வாங்கியதாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வயல் உழைத்ததும் தொழில் உழைத்ததும் அப்பொழுதுதான் வேறுவேறாகத் தெரியும்.

சாக்குகளை நிலத்தில் வைக்காது, பலகை அல்லது தடிகளால் அமைத்த தட்டின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்குக. சிவப்பு நெல்லையும் வெள்ளை நெல்லையும், நாட்டையும் சம்பாவையும் ஒருபோதும் கலத்தலாகாது. கலந்த நெல் ஒரே சீராக ஊறாது, ஒரே சீராக அவியாது. அதனைச் சோறாக்கும் வீட்டார் மறுமுறை நம் வாசலுக்கு வாரார்.

அவித்தலும் காயவிடுதலும்

இத்தொழிலில் பணம் அதிகமாகச் சிந்துவது முற்றத்திலேயாகும். கடைகளிற் சிந்துவது எல்லோர்க்கும் தெரியும். முற்றத்திற் சிந்துவது தெரிவதில்லை. எனவே இதனைச் சிறிது விரிவாகக் கூறுகின்றோம்.

நெல்லைப் புடைத்துப் பதரும் மண்ணும் நீக்கிய பின்னரே ஊறவிடுக. குளிர்ந்த நீரில் ஒன்று இரண்டு நாள் ஊறவிடுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நீரை மாற்றாது விட்டால் அது புளித்து, அரிசியில் ஒரு மணம் ஏறிவிடும். பழகியவர்கள் அதனைப் பொருட்படுத்தாவிடினும் புதிதாக வாங்குவோர் பொருட்படுத்துவர். வெந்நீரில் ஊறவிடுதல் இதனினும் நன்று. 500 கிலோ நெல்லுக்கு 600 லீற்றருக்குக் குறையாத நீரை 85 பாகை சதமளவுக்குச் சூடாக்கி நெல்லை இட்டால், இரண்டும் கலந்து ஏறத்தாழ 70 பாகையில் நிற்கும். மூடி வைத்தால் நான்கைந்து மணித்தியாலத்தில் ஊறிவிடும். பெரிய கிடாரம் இல்லாதோர் தகரப் பீப்பாக்களிற் பகுதி பகுதியாகச் செய்யலாம். கலந்த நீரின் சூடு 75 பாகைக்கு மேற்படின் உமி வெடித்து அரிசி வெளிவரும். அது பின்பு ஆலையில் நொய்யாகிவிடும்.

ஊறிய நீரை வடித்து, மேற்படை நெல்லினூடாக ஆவி தாராளமாக எழத் தொடங்கியபின் பத்துப் பதினைந்து நிமிடம் அவித்தல் போதுமானது. சில மணிகளை எடுத்து உரித்து நகத்தால் வெட்டிப் பார்க்க. நடுவில் வெண்பொட்டுத் தெரியின் ஊறியது போதாது அல்லது அவிந்தது போதாது என்பது பொருள். அப்பொட்டு உள்ள மணியே ஆலையில் முறிவது.

காயவிடுதலில் அவசரப்படுவோர் மிகப் பலர். அவித்த நெல்லைக் கொதிக்கும் வெயிலில் ஒரே நாளிற் காய்த்து மாலையில் அள்ளிவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் நெல்மணியின் வெளிப்புறம் விரைவில் உலர்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு நிற்பதால், மணிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகின்றன. ஈரம் 18 வீதத்திற்குக் கீழே இறங்கும் வேளையில் இத்தீங்கு மிகுதி. ஆகவே முதல் நாள் வெயிலில் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறி, உமி கையில் ஒட்டாத நிலை வந்ததும் நிழலிற் குவித்துச் சாக்கினால் மூடி இரவு முழுவதும் விடுக. உள்ளே நின்ற ஈரம் வெளிப்புறத்துக்குப் பரவி மணி முழுவதும் ஒரு சீராகும். மறுநாட் காலை இளவெயிலில் மீண்டும் பரப்பி 14 வீதத்திற்கு இறக்குக. பின் ஒரு நாளேனும் ஆறவிட்டே ஆலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

தெருவோரத் தாரிற் காயவிடும் வழக்கத்தைப் பற்றி ஒன்று கூறாது விட முடியவில்லை. வாகனச் சில்லுகள் நெரித்த நெல் நொய்யாகின்றது. அரிசியிற் கல் சேருகின்றது. இரவில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அந்நெல்லில் வழுக்கி விழுகின்றனர். நெல்லுக்குரிய இடம் சீமெந்துத் தளமும் படங்குமே.

ஆலைகளிலும் வேற்றுமையுண்டு. பழைய இரும்புருளை ஆலை உமியையும் தவிட்டையும் ஒருங்கே நீக்குவதால், தவிட்டோடு உமித்தூளும் நொய்யும் கலந்து போகும். இறப்பர் உருளையால் உமியை நீக்கிப் பின் வேறாகத் தீட்டும் ஆலையில் தவிடு சுத்தமாகக் கிடைக்கும். முழு அரிசியும் கூடுதலாக நிற்கும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. அதனை ஆலையில் விட்டுவிடாது கொண்டுவந்து, உமி எரிக்கத்தக்க அடுப்பில் அடுத்த அவியலுக்குப் பயன்படுத்தினால் விறகுச் செலவு குறையும்.

ஒரு தொகுதியின் கணக்கு

500 கிலோ உலர்ந்த நெல்லை ஒரு தொகுதியாகக் கொள்வோம். அதன் விலை கிலோ 120 ரூபாவாக 60,000 ரூபா. புடைத்தபின் 490 கிலோ. குற்றுகூலி கிலோவுக்கு 6 ரூபாவாக 2,940 ரூபா. விறகு 1,400 ரூபா. ஏற்றிறக்கமும் வண்டிக்கூலியும் 1,500 ரூபா. சாக்கு 700 ரூபா. ஆக, கையிலிருந்து செல்லும் பணம் 66,540 ரூபா.

நூற்றுக்கு 66 வீதம் அரிசி கண்டால் 323 கிலோ வரும். அதில் முழு அரிசி 300 கிலோ, நொய் 23 கிலோ. கடைக்காரர் கொடுக்கும் விலை கிலோ 220 ரூபாவாயின் முழு அரிசிக்கு 66,000 ரூபா. நொய் 120 ரூபாவாக 2,760 ரூபா. தவிடு 40 கிலோ 60 ரூபாவாக 2,400 ரூபா. மொத்த வரவு 71,160 ரூபா.

எஞ்சிய 4,620 ரூபாவைக் கண்டு பலர் இலாபம் என்று மகிழ்கின்றனர். இவ்வேலைக்கு இருவர் இரண்டு நாள் உழைத்திருக்கின்றனர். வயலிற் கூலிக்குச் சென்றால் நாளொன்றுக்கு 2,000 ரூபா பெறக்கூடியவர்கள், நான்கு நாட்கூலியாக 8,000 ரூபா பெற்றிருக்க வேண்டியவர்கள். ஆகவே அவித்துக் குற்றும் பகுதி ஒரு தொகுதிக்கு 3,380 ரூபா நட்டத்தில் நடக்கின்றது. நெல் அவிப்பது நம் நாட்டிற் பெரும்பாலும் பெண்களின் வேலை. அவர்களுடைய நாட்களைச் செலவென்று எழுதாத கணக்கு எப்பொழுதும் இலாபம் காட்டும்; அவ்விலாபம் அவர்களுடைய கூலியே.

இந்நட்டத்தை எவ்வாறு நீக்கலாம்? மேலே கூறியவாறு இரு தடவையிற் காயவிட்டு, நல்ல ஆலையிற் குற்றி, 66 வீதத்தை 69 வீதமாக்கினால், 490 கிலோ நெல்லில் 338 கிலோ அரிசி வரும். உமியோடும் தவிட்டோடும் போன 15 கிலோ அரிசியாக நிற்கின்றது. அதன் விலை 3,300 ரூபா. நட்டம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிட்டது. இதற்கு இட்ட புதிய முதல் ஒன்றுமில்லை. ஓர் இரவு நெல்லைக் குவித்து மூடியதும் ஆலையைத் தெரிந்தெடுத்ததுமே.

இதற்கு நேர்மாறாக, 18 வீத ஈரமுள்ள நெல்லை உலர்ந்த விலைக்கு வாங்கியவர், 500 கிலோவில் 23 கிலோவைத் தொடக்கத்திலேயே இழந்துவிட்டார். அஃது அரிசியாயின் 15 கிலோவாகும். முற்றத்திற் காட்டிய கவனம் முழுவதும் வாங்கிய இடத்திலேயே கைநழுவிப் போயிற்று.

விற்பனை

கடைக்காரருக்கு 220 ரூபாவுக்குக் கொடுக்கும் அரிசியை வீடுகளுக்கு நேரே 240 ரூபாவுக்குக் கொடுக்கலாமாயின், 300 கிலோவில் 6,000 ரூபா கூடுதலாக வரும். பொதியிடும் செலவு 620 ரூபாவும், நிறுத்துக் கட்டிக் கொண்டுசென்று கொடுக்கும் ஒருவரின் நாட்கூலி 2,000 ரூபாவும் கழித்தால் எஞ்சுவது 3,380 ரூபா. அவித்தலில் வந்த நட்டத்தொகையும் இதுவே என்பதைக் கவனிக்க. ஒழுங்காக அவியாது நேரே விற்பவர் ஐந்து நாட்கூலி மாத்திரம் பெறுகின்றார். ஒழுங்காக அவித்து நேரே விற்பவர் கூலிக்கு மேல் தொகுதியொன்றுக்கு ஏறத்தாழ 3,300 ரூபா பெறுகின்றார்.

வாடிக்கையாளர் 20 ரூபா கூடுதலாகக் கொடுப்பது கல்லில்லாத, மணமில்லாத, சென்ற மாதம் போலவே இம்மாதமும் இருக்கும் அரிசிக்கே. அதிகம் தீட்டாத சிவப்புப் புழுங்கல் அரிசியை விரும்பித் தேடுவோர் இப்பொழுது பெருகியுள்ளனர். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பீ1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே செல்கின்றதென்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறலாம். மரக்கறிச் செய்கையுடைய கமக்காரருக்கு இங்கு ஒரு வசதியுண்டு. கிழமைதோறும் கத்தரியும் வெண்டியும் கொண்டு சந்தைக்குச் செல்பவர், அவ்வண்டியிலேயே 5 கிலோ அரிசிப் பைகள் பத்தையும் கொண்டுசென்றால், தனி வண்டிக்கூலியின்றி வாடிக்கை சேரும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அரிசிக்கு உச்ச சில்லறை விலையை வர்த்தமானி மூலம் விதிக்கும் காலங்களுண்டு. அக்காலங்களில் அதற்கு மேல் விற்றல் சட்டப்படி குற்றமாகும். வீட்டிலிருந்து விற்பதனால் விலக்கில்லை. நெல் வாங்குவதற்கு முன்னரே அவ்விலையை அறிந்து கணக்கிடுதல் வேண்டும். தராசு முத்திரையிடப்பட்டதாயிருத்தல், பொதியில் நிறையும் திகதியும் விலையும் தயாரித்தவர் முகவரியும் இருத்தல், தொழிலின் பெயரைப் பதிவு செய்தல் ஆகியன பற்றிப் பிரதேச செயலகத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டறியலாம்.

கடனுக்கு விற்றல் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வீடுகளுக்குத் தலா 20 கிலோ கடனாகக் கொடுத்தால் 24,000 ரூபா வெளியே நிற்கின்றது. 200 கிலோ நெல் வாங்கும் பணம் அது. அயலவருக்கு இல்லையென்று சொல்வது நம் ஊர்களில் எளிதன்று என்பதை அறிவோம். எனவே மொத்தக் கடன் எவ்வளவுக்கு மேற்படக் கூடாதென்பதைத் தொடக்கத்திலேயே நிச்சயித்து, அத்தொகை நிரம்பியதும், பழையது வந்த பின்னரே புதியது என்று மரியாதையோடு சொல்லிவிடுதல் நன்று. ஒருவருக்கு மறுத்து ஒருவருக்குக் கொடுப்பதே பகையை உண்டாக்குவது.

மூன்று கொப்பிகள்

இத்தொழிலுக்குப் பெரிய பேரேடுகள் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கொப்பிகள் மூன்று போதும்.

முதலாவது காசுக் கொப்பி. அன்றன்று வந்த காசும் சென்ற காசும் அன்றிரவே எழுதப்படல் வேண்டும். பெட்டியிலுள்ள காசு கொப்பியிலுள்ள மீதிக்குச் சரியாக வராவிடின், காரணம் கண்டபின்னரே உறங்கச் செல்க. இரண்டாவது தொகுதிக் கொப்பி. தொகுதிக்கு ஒரு பக்கம்: நெல் யாரிடம் வாங்கியது, ஈரம், நிறை, புடைத்தபின் நிறை, ஆலைக்குச் சென்ற நிறை, திரும்பிய அரிசி, நொய், தவிடு, செலவுகள், ஆட்களின் நாட்கள். பத்துத் தொகுதிகள் எழுதியபின் எவருடைய வயல் நெல் அதிகம் அரிசி காண்கின்றது, எந்த ஆலையிற் குறைகின்றது என்பன தாமே வெளிவரும். மூன்றாவது கடன் கொப்பி.

வீட்டுக்கு எடுக்கும் அரிசியும் எழுதப்படல் வேண்டும். இதனைச் சொன்னவுடன் பலர் சிரிப்பர். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ எடுக்கும் வீடு மாதத்தில் 45 கிலோ எடுக்கின்றது. கடை விலையில் அது 9,900 ரூபா. மூன்று தொகுதிகளின் இலாபம் சோற்றுப் பானைக்குள் செல்கின்றது. எடுப்பது தவறன்று; அதற்காகத்தானே உழைக்கின்றோம். உழைத்த கூலியில் அதனைக் கழித்துக்கொண்டால் தொழிலின் முதல் குறையாது நிற்கும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் சடங்குக்கும் எடுக்கும் காசுக்கும் இவ்விதியே பொருந்தும். கூலியும் இலாபமும் வீட்டுக்குரியவை. அந்த 66,540 ரூபா அடுத்த நெல்லுக்குரியது.

தொழிலைப் பெருக்குதல்

தொகுதியொன்றுக்கு 3,300 ரூபா வீதம் தனியே எடுத்து வைத்தால், இருபது தொகுதிகளில் 66,000 ரூபா சேரும். கிழமைக்கு ஒரு தொகுதி செய்வோருக்கு ஐந்து மாதத்தில் இரண்டாவது தொகுதிக்கான முதல் வட்டியின்றிக் கைக்கு வருகின்றது. இது மெதுவான வழியாகத் தோன்றலாம். இவ்வைந்து மாதத்தில் இருபது தொகுதிகளின் கணக்கும், நிலையான வாடிக்கையாளரின் பெயர்களும் கொப்பியில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை இன்றி வங்கிக்குச் செல்பவர் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையின்றி நிற்பார்.

இரண்டு தொகுதி செய்ய எண்ணும்போது முதலில் போதாமற் போவது முற்றமே. 500 கிலோ நெல்லை 3 சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்ப ஏறத்தாழ 35 சதுர மீற்றர், அதாவது 375 சதுர அடி தளம் வேண்டும். அதைவிடக் குறைந்த இடத்தில் தடிப்பாகப் பரப்பினால் நெல் சீராகக் காயாது. 69 வீதம் மீண்டும் 66 ஆகும். எனவே பணத்தை இடும் ஒழுங்கு இவ்வாறு அமைதல் நன்று: முதலில் நல்ல தராசு, அடுத்து ஈரமளக்கும் கருவி, அடுத்துப் படங்குகளும் சீமெந்துத் தளமும், அதன்பின் பெரிய கிடாரமும் அடுப்பும். ஆலை இவற்றுக்கெல்லாம் பின்னரே.

சொந்த ஆலை வேண்டுமென்ற ஆசை இத்தொழிலில் இறங்கிய எவரையும் விடுவதில்லை. கிழமைக்கு இரண்டு தொகுதி வீதம் ஒன்பது மாதம், அதாவது 39 கிழமை செய்வோர் கொடுக்கும் குற்றுகூலி ஆண்டுக்கு ஏறத்தாழ 229,000 ரூபா. ஆலை வாங்கும் கடனின் ஆண்டு வட்டி, இயந்திரத்தின் தேய்வு, மின்கட்டணம், இயக்குபவரின் கூலி, உருளை மாற்றும் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை இதற்குக் குறைவாயிருந்தாலன்றி ஆலை வாங்குதல் தகாது. அயலவர் நெல்லையும் கூலிக்குக் குற்றி ஈடுசெய்யலாம் என்பர். அயலில் ஏற்கனவே எத்தனை ஆலைகள் வேலையின்றி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு அவ்வாறு எண்ணலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தளத்தையும் அடுப்பையும் பொதுவில் அமைத்துக்கொள்வது ஆலையைவிட விரைவிற் பயன்தரும். நெல்லும் கணக்கும் அவரவருடையனவாகவே இருக்கட்டும்.

மழைக்காலத்தையும் மறத்தலாகாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் முற்றத்திற் காயவிட முடியாது. காலபோக அறுவடை மாசி, பங்குனியில் வருமுன்னுள்ள அக்காலத்தில் அரிசியின் விலை ஏறி நிற்பது வழக்கம். அவ்வேளையில் வாடிக்கையாளருக்கு இல்லையென்று சொன்னால், அவர்கள் வேறிடம் பழகிவிடுவர். சிறுபோக நெல் வந்ததும், ஆவணி, புரட்டாதி வெயிலில் அவித்து 14 வீதத்திற்குக் காய்ந்த நெல்லைக் குற்றாமலே சாக்கிற் கட்டி வைத்தல் இதற்கு வழி. கிழமைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஆலைக்குக் கொண்டுசெல்லலாம். அரிசியாக வைப்பதைவிட உமியோடு வைப்பதே பூச்சிக்குப் பாதுகாப்பு. இதற்கு எத்தனை தொகுதி நெல் வேண்டுமென்பதை ஆடி மாதத்திலேயே கடந்த ஆண்டின் காசுக் கொப்பியைப் பார்த்து நிச்சயித்துக்கொள்க.

அவித்தல், ஈரமளத்தல், பூச்சிக் காப்பு என்பன பற்றிய மேலதிக விபரங்களை உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். அவரைக் காணச் செல்லும்போது தொகுதிக் கொப்பியையும் உடன் கொண்டுசெல்க.